சிறுநீரகத்தில் 3.5 செ.மீ. கட்டி: சிகிச்சை வழிகளும் தடுப்பும்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக இங்கே எழுதிவிடுகிறேன். 58 வயதான உங்கள் தந்தையாருக்குப் பித்தப்பையில் கல் இருக்குமோ என்று எடுத்த வயிற்று ஸ்கேனில், எதிர்பாராமல் வலது சிறுநீரகத்தின் மேல்முனையில் ஒரு கட்டி தென்பட்டிருக்கிறது. பின்னர் எடுத்த சி.டி. ஸ்கேன், அது 3.5 செ.மீ. அளவுள்ளது என்றும் புற்றுநோயாக இருக்கக்கூடும் என்றும் கூறுகிறது. சிறுநீரகத்தை முழுமையாக அகற்ற வேண்டும் என்று ஒரு மருத்துவர் சொல்லியிருக்கிறார். உறவினர்களோ கீமோ கொடுத்துப் பார்க்கலாமே என்றும், நாட்டு மருந்தில் கரையுமே என்றும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். என்னென்ன சிகிச்சைகள் உள்ளன, எதைத் தேர்ந்தெடுப்பது, பிள்ளைகளாகிய உங்களுக்கு இந்நோய் வராமல் தடுக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பதிலைச் சொல்லிவிட்டுக் காரணங்களுக்கு வருகிறேன். இந்த அளவில், சிறுநீரகத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும் கட்டி முழுமையாகக் குணமாவதற்கான வாய்ப்பு மிக அதிகம். இதை அடுத்த வாரமே அறுத்தாக வேண்டும் என்ற அவசரம் இல்லை. இரண்டாவது கருத்துக் கேட்பதற்குச் சில வாரங்கள் எடுத்துக்கொள்வதால் நோய் கைமீறிப் போய்விடாது. முழுச் சிறுநீரகத்தையும் எடுப்பதற்கு ஒப்புக்கொள்வதற்கு முன், கட்டியை மட்டும் அகற்றி மீதிச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற முடியுமா, முடியாதென்றால் ஏன் முடியாது என்ற கேள்விக்குத் தெளிவான விடை பெற்றாக வேண்டும். வழக்கமான கீமோவுக்கு இந்நோயில் இடமில்லை. நாட்டு மருந்தைப் பொறுத்தவரை, பொதுவான அறிவுரையாக அல்லாமல், சிறுநீரகத்துக்கென்றே உள்ள ஒரு குறிப்பிட்ட எச்சரிக்கையைப் பின்னால் சொல்கிறேன்.

பெரியவர்களின் சிறுநீரகத்தில் தோன்றும் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பது பங்கு, ரத்தத்தை வடிகட்டிய பின் சிறுநீரைச் செப்பனிடும் நுண்குழாய்களின் செல்களில் தொடங்குபவை. அவற்றுள்ளும் நான்கில் மூன்று பங்கு 'தெளிசெல்' வகையைச் சேர்ந்தவை. செல்லுக்குள் நிறைந்திருக்கும் கொழுப்பும் கிளைக்கோஜனும் ஆய்வகத்தில் திசுவைப் பதப்படுத்தும்போது கரைந்துபோவதால் நுண்ணோக்கியில் அவை வெறுமையாகத் தெரிகின்றன. பாப்பில்லரி, குரோமோஃபோப் ஆகியவை அடுத்த நிலையில் வருபவை. சிறுநீரகத்தின் உள்ளே சிறுநீர் வந்து சேரும் குழிவில் (ரீனல் பெல்விஸ்) தோன்றுவது வேறு நோய், அதற்கு மருத்துவமும் வேறு. குழந்தைகளுக்கு வரும் வில்ம்ஸ் கட்டியும் வேறு. இணையத்தில் தேடும்போது இவை எல்லாம் ஒன்றாகக் கலந்து வருவதால்தான் கீமோ உண்டா இல்லையா என்பதிலேயே குழப்பம் ஏற்படுகிறது. வில்ம்ஸ் கட்டிக்குக் கீமோ மிக நன்றாக வேலை செய்யும். உங்கள் தந்தையாருக்கு இருப்பதாகச் சந்தேகிக்கப்படும் வகைக்கு அது வேலை செய்யாது.

சந்தேகிக்கப்படும் என்று நான் வேண்டுமென்றே எழுதுகிறேன். 4 செ.மீ.க்கு உட்பட்ட திடமான கட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று, அறுவைக்குப் பின் பார்க்கும்போது புற்றுநோயே அல்ல என்று தெரியவருகிறது. கொழுப்பு கலந்த ஆஞ்சியோமயோலிப்போமா, ஆங்கோசைட்டோமா ஆகியவை இப்படி ஏமாற்றக்கூடியவை. முன்னதைப் பெரும்பாலும் ஸ்கேனிலேயே கொழுப்பைக் கண்டு அடையாளம் காணலாம். பின்னதை, ஊசியால் திசு எடுத்துப் பார்க்கும் பயாப்சி இல்லாமல் பிரித்தறிவது கடினம். எனவே எடுத்த சி.டி. ஸ்கேன் மருந்து ஏற்றி, வெவ்வேறு கட்டங்களில் படம்பிடித்த முழுமையான ஸ்கேனா என்பதைப் பாருங்கள். வெறும் ஸ்கேன் என்றால் மறுபடியும் எடுக்க வேண்டியிருக்கும்; அதற்கு முன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினின் என்ற ரத்தப் பரிசோதனை அவசியம். நுரையீரலுக்கும் ஒரு சி.டி. தேவைப்படும், ஏனெனில் இந்நோய் பரவினால் பெரும்பாலும் முதலில் எட்டிப்பார்ப்பது அங்கேதான். உடம்பு முழுவதையும் பார்க்கும் பெட் ஸ்கேன் இந்த நிலையில் வழக்கமாகத் தேவையில்லை. சிறுநீரகக் கட்டிகளை அது நம்பகமாகக் காட்டுவதும் இல்லை.

பயாப்சி எடுத்தால் புற்று பரவிவிடும் என்ற அச்சம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. ஊசி சென்ற பாதையில் புற்றுச்செல் விதைக்கப்படுவது உண்மையில் மிக மிக அரிது. ஆயினும் எல்லோருக்கும் பயாப்சி செய்வதில்லை. விடை எப்படி வந்தாலும் அறுவைதான் என்ற நிலையில் ஊசி போடுவதில் பயனில்லை. கண்காணித்துக்கொண்டே இருக்கலாமா, கட்டியை வெப்பத்தால் சுட்டு அழிக்கலாமா என்று யோசிக்கும்போதும், வேறிடத்தில் தோன்றிய புற்றுநோய் இங்கே பரவியதோ என்று ஐயம் எழும்போதும் அது உதவுகிறது.

இனி நோயின் நிலை. 7 செ.மீ. வரை, சிறுநீரகத்துக்குள் அடங்கியிருந்தால் முதல் நிலை. அதிலும் 4 செ.மீ.க்கு உட்பட்டது மிகத் தொடக்கம். அதைவிடப் பெரிதாகி உள்ளேயே இருந்தால் இரண்டாம் நிலை. சுற்றியுள்ள கொழுப்பிலோ சிறுநீரக ரத்தக்குழாயிலோ அண்டை நிணநீர்க் கணுக்களிலோ புகுந்தால் மூன்றாம் நிலை. அதைக் கடந்து போனால் நான்காம் நிலை. அமெரிக்கப் புள்ளிவிவரங்களின்படி, சிறுநீரகத்துக்குள் அடங்கிய நோயில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 90 சதவீதத்துக்கு மேல். தொலைவுக்குப் பரவிய நோயில் 20 சதவீதத்துக்கும் குறைவு. நோயைக் கண்டுபிடிக்கும் காலம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த இடைவெளியே சான்று.

முழு நீக்க அறுவையா, பகுதி நீக்க அறுவையா என்பதே உங்கள் வீட்டில் இப்போது முடிவாக வேண்டிய விஷயம் என்பதால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். ஒரு சிறுநீரகத்தை முழுமையாக எடுத்தாலும் மனிதன் வாழ முடியும் என்பதை 1869-ல் ஹைடல்பர்க்கில் குஸ்டாவ் சைமன் என்ற அறுவை மருத்துவர் நிறுவினார். அன்றிலிருந்து நூறாண்டுகளுக்கு மேல், கட்டி சிறிதோ பெரிதோ, முழுவதையும் எடுப்பதே முறையாக இருந்தது. இன்று 4 செ.மீ.க்கு உட்பட்ட கட்டிகளுக்கும், இயலுமானால் 7 செ.மீ. வரையிலான கட்டிகளுக்கும், கட்டியையும் அதைச் சுற்றி மெல்லிய விளிம்பையும் மட்டும் அகற்றும் பகுதி நீக்கமே முதல் தேர்வு. புற்றுநோயைக் கட்டுப்படுத்துவதில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

வேறுபாடு மீதமிருக்கும் சிறுநீரகச் செயல்பாட்டில் இருக்கிறது. நியூயார்க்கில் 662 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006-ல் வெளியான ஆய்வு ஒன்று இத்துறையின் போக்கையே மாற்றியது. இரண்டு சிறுநீரகமும் இருந்து, கிரியேட்டினினும் இயல்பாக இருந்தவர்களில்கூட 26 சதவீதத்தினருக்கு அறுவைக்கு முன்பே நாள்பட்ட சிறுநீரக நோய் தொடங்கியிருந்தது. அறுவை முடிந்து மூன்றாண்டுகளில் புதிதாகச் செயல்பாடு குறையாமல் தப்பியவர்கள், பகுதி நீக்கம் செய்துகொண்டோரில் 80 சதவீதம். முழு நீக்கம் செய்துகொண்டோரில் 35 சதவீதம் மட்டுமே. ஆகவே கிரியேட்டினின் நார்மல், ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கிறதே என்று சொல்லிவிடுவது போதாது. உங்கள் தந்தையாருக்குச் சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இருந்தால் இந்தக் கணக்கு இன்னும் முக்கியமாகிறது. நீங்கள் அதைக் குறிப்பிடவில்லை. வடிகட்டும் திறனின் அளவையும் சிறுநீரில் புரதம் கசிகிறதா என்பதையும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 5 செ.மீ. வரை கட்டியுள்ள 541 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஐரோப்பாவில் நடத்திய ஆய்வில், பகுதி நீக்கம் சிறுநீரகத்தைக் காத்ததே தவிர ஆயுளைக் கூட்டியதாகத் தெரியவில்லை. பகுதி நீக்கத்தில் ரத்தக்கசிவும் சிறுநீர்க் கசிவும் ஏற்படும் வாய்ப்பும் கூடுதல். ரத்த ஓட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்தி, ஏறத்தாழ அரைமணி நேரத்துக்குள் கட்டியை வெட்டியெடுத்துத் தைத்து முடிக்க வேண்டிய வேலை அது. கட்டி சிறுநீரகத்தின் நடுவில், பெரிய ரத்தக்குழாய்களை ஒட்டிப் புதைந்திருந்தால் திறமையான மருத்துவரும் முழு நீக்கத்தையே பரிந்துரைக்கலாம், அது தவறாகாது. ஆனால் மேல்முனையில் உள்ள 3.5 செ.மீ. கட்டி பெரும்பாலும் பகுதி நீக்கத்துக்கு வசதியான இடத்தில் இருப்பது. முழு நீக்கம் சொன்ன மருத்துவருக்கு அதைத் தாண்டிய காரணம் இருக்கலாம். அல்லது அந்த மருத்துவமனையில் பகுதி நீக்கம் அதிகம் செய்யாமலும் இருக்கலாம். இரண்டில் எது என்பதைத் தயங்காமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ரோபோ வழியாகவா, நுண்துளை வழியாகவா, திறந்த அறுவையா என்பது அடுத்த கேள்விதான். வலியும் தங்கும் நாட்களும் குறையும் என்பது உண்மையே என்றாலும், கருவியைவிட அதைக் கையாள்பவர் இந்த அறுவையை எத்தனை முறை செய்திருக்கிறார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அறுக்காமலேயே இருக்கும் வழிகளும் உண்டு. சிறிய கட்டிகள் சராசரியாக ஆண்டுக்கு 3 மி.மீ. அளவே வளர்கின்றன, கண்காணிப்பில் இருக்கும்போது வேறிடத்துக்குப் பரவியது நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். அதனால் முதியவர்களுக்கும், இதயநோய் போன்றவற்றால் அறுவையைத் தாங்க முடியாதவர்களுக்கும், குறிப்பாக 2 செ.மீ.க்கு உட்பட்ட கட்டிகளுக்கும், மூன்று அல்லது ஆறு மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக் கவனிப்பது முறையான மருத்துவமே. அது அலட்சியம் ஆகாது. வேகமாக வளர்ந்தாலோ 4 செ.மீ.யை நெருங்கினாலோ அப்போது தலையிடலாம். தோல் வழியாக ஊசி செலுத்திக் கட்டியை வெப்பத்தால் சுட்டோ உறையவைத்தோ அழிக்கும் முறை 3 செ.மீ.க்கு உட்பட்ட கட்டிகளில் நன்றாகப் பலிக்கிறது. மறுபடி தலைகாட்டும் வாய்ப்பு அறுவையைவிடச் சற்று அதிகம், தலைகாட்டினால் மறுபடியும் செய்யலாம். கதிர்வீச்சுக்கு இந்நோய் மசியாது என்பது நெடுநாள் பாடம். துல்லியமாகக் குறிவைத்து ஒன்று முதல் மூன்று தவணைகளில் உயர்ந்த அளவு கதிர்வீச்சைக் கொடுக்கும் புதிய முறை அந்தப் பாடத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறது. அறுவைக்கு இயலாத 70 பேரிடம் செய்து 2024-ல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் ஒருவருக்கும் அந்த இடத்தில் கட்டி மீண்டும் வளரவில்லை. இருந்தாலும் 58 வயதில், வேறு நோய்கள் இல்லாதவருக்கு நான் இவை எதையும் முதலில் வைக்க மாட்டேன்.

பெரிய கட்டிகளுக்கு முழு நீக்கமே வழி. சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பியில் நோய் தெரியாவிட்டால் அதை விட்டுவைப்பதே இன்றைய வழக்கம். இந்நோய்க்கென்றே உள்ள ஒரு வினோதம், கட்டி ரத்தக்குழாய்க்குள் விரல்போல நீண்டு, கீழ்ப் பெருஞ்சிரை வழியே சில சமயம் இதயம் வரைக்கும் போய்விடுவது. அந்த நிலையிலும், வேறிடத்தில் பரவவில்லை என்றால் குழாயைத் திறந்து கட்டியை வெளியே எடுத்துக் குணப்படுத்த முடிகிறது. அதை இதய அறுவைக் குழுவும் இருக்கும் பெரிய மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும்.

அறுவைக்குப் பின் வரும் திசுப் பரிசோதனை அறிக்கை அடுத்த நடவடிக்கையைத் தீர்மானிக்கும். முதல் நிலையென்றால் வேறு மருந்து எதுவும் வேண்டாம். தொடர்ச்சியான ஸ்கேன்களும் ரத்தப் பரிசோதனையும் போதும். மூன்றாம் நிலை போன்ற, மீண்டும் வரும் வாய்ப்பு மிகுந்த தெளிசெல் வகையில், பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தை மூன்று வாரங்களுக்கு ஒருமுறை வீதம் ஏறத்தாழ ஓராண்டு கொடுப்பது பயனளிக்கிறது. 994 பேரிடம் நடந்த ஆய்வில், நான்காண்டு முடிவில் மருந்து பெற்றவர்களில் 91 சதவீதமும் பெறாதவர்களில் 86 சதவீதமும் உயிருடன் இருந்தனர். ஐந்து சதவீத வேறுபாடு சிறிதா பெரிதா என்பதைப் பக்கவிளைவையும் செலவையும் எதிரே வைத்து ஒவ்வொரு குடும்பமும் முடிவு செய்ய வேண்டியதுதான். இந்நோய் பத்தாண்டு கழித்தும் திரும்பக்கூடியது என்பதால், ஐந்தாண்டு முடிந்துவிட்டது என்று கண்காணிப்பை முற்றிலும் கைவிடக் கூடாது.

கீமோ ஏன் கூடாது என்று உறவினர்களிடம் விளக்க உங்களுக்கு ஒரு காரணம் வேண்டுமே. புற்றாக மாறும் இந்த நுண்குழாய்ச் செல்களுக்கு இயல்பிலேயே நச்சுகளை வெளியே தள்ளும் பம்புகள் உண்டு; உடலின் கழிவை அகற்றுவதே அவற்றின் பிறவித் தொழில். கீமோ மருந்தையும் அவை அதேபோலத் தள்ளிவிடுகின்றன. மாறாக, இந்நோயின் பலவீனம் வேறிடத்தில் உள்ளது. தெளிசெல் வகையில் பெரும்பாலானவற்றில் வி.எச்.எல். என்ற மரபணு பழுதுபட்டிருக்கிறது. அது சரியாக இருக்கும்போது, ஆக்சிஜன் குறையும் நேரத்தில் மட்டுமே தேவைப்படும் ஹிஃப் என்ற புரதத்தை அவ்வப்போது அழித்துவிடும். பழுதானால் ஹிஃப் குவிந்து, ஆக்சிஜன் குறையாதபோதும் புதிய ரத்தக்குழாய்களை முளைக்கச் செய்கிறது. கட்டிக்கு அதுவே தீனி. செல்கள் ஆக்சிஜனை உணரும் இந்த வழியைக் கண்டறிந்ததற்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா ஆகிய மூவருக்கும் 2019-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

நோய் பரவிவிட்டவர்களுக்கான இன்றைய மருந்துகள் பெரும்பாலும் இந்தப் புரிதலிலிருந்து வந்தவையே. ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மாத்திரைகளில் சொராஃபெனிப் 2005-லும் சுனிடினிப் 2006-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. பசோபனிப், ஆக்சிடினிப், கபோசான்டினிப், லென்வாடினிப் ஆகியவை பின்னர் வந்தன. ஹிஃப் புரதத்தையே நேரடியாகத் தடுக்கும் பெல்சுடிஃபான் 2021-ல் பரம்பரை நோய்க்கும், 2023 இறுதியில் மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத நோய்க்கும் அனுமதிக்கப்பட்டது. மற்றொரு வழி, புற்றுச்செல்கள் நோயெதிர்ப்பு அணுக்களுக்குப் போடும் கடிவாளத்தை அவிழ்த்துவிடும் இம்யூனோதெரபி. இப்போது இரண்டு இம்யூனோதெரபி மருந்துகளையோ, ஒரு இம்யூனோதெரபி மருந்தையும் ஒரு மாத்திரையையுமோ சேர்த்துத் தருவதே முதல் வரிசைச் சிகிச்சை: நிவோலுமாபுடன் இபிலிமுமாப், பெம்ப்ரோலிசுமாபுடன் ஆக்சிடினிப் அல்லது லென்வாடினிப், நிவோலுமாபுடன் கபோசான்டினிப். சுனிடினிப் மட்டும் தந்த காலத்தில் பாதிப் பேர் இரண்டாண்டுக்குச் சற்று மேல் வாழ்ந்தனர். கூட்டு மருந்து ஆய்வுகளில் அது ஏறத்தாழ நான்காண்டைத் தொட்டிருக்கிறது. சிலருக்கு மருந்தை நிறுத்திய பின்னும் நோய் ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்கிறது. எந்தக் கூட்டு என்பதை முடிவு செய்ய, நோயாளி நடமாடும் நிலை, நோய் தெரிந்து ஓராண்டுக்குள் மருந்து தேவைப்பட்டதா, ஹீமோகுளோபின், கால்சியம், வெள்ளணு, தட்டணு ஆகிய ஆறையும் வைத்து ஆபத்தின் அளவைக் கணக்கிடுவார்கள்.

பரவிய நோயில் சிறுநீரகத்தை முதலில் எடுத்தே ஆக வேண்டுமா என்ற கேள்விக்கு 2018-ல் பிரெஞ்சு மருத்துவர்கள் தலைமையில் வெளியான 450 பேர் ஆய்வு, எல்லோருக்கும் தேவையில்லை என்று விடை சொன்னது. நோய்ச்சுமை குறைவாக உள்ளவர்களுக்கும் ரத்தக்கசிவோ வலியோ உள்ளவர்களுக்கும் அது இன்றும் பயன்படுகிறது. நுரையீரலில் ஒன்றிரண்டு முடிச்சுகளாக மட்டும் இருந்தால் அவற்றை அறுத்தெடுத்து நெடுங்காலம் வாழ்வோரும் உண்டு.

இந்த மாத்திரைகள் ரத்தக்கொதிப்பை ஏற்றும். உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து கொப்பளிக்கும். வயிற்றுப்போக்கு, நாக்கில் சுவை மாற்றம், தைராய்டு குறைவு ஆகியவையும் வரும். வீட்டில் ரத்தக்கொதிப்பு பார்க்கும் கருவி ஒன்றை வைத்துக்கொள்வதும், ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றைக் குறைப்பதும் பலன் தரும். பம்ப்ளிமாஸ் பழம் மருந்தின் அளவை ரத்தத்தில் கூட்டக்கூடும் என்பதால் தவிர்க்க வேண்டும். இம்யூனோதெரபியில் வரும் தொல்லைகள் வேறு தன்மையானவை: அவிழ்த்துவிடப்பட்ட நோயெதிர்ப்பு அணுக்கள் குடலையோ நுரையீரலையோ கல்லீரலையோ தாக்கலாம். அதனால் அந்த மருந்து ஏறும் காலத்தில் வரும் பேதியையும் வறட்டு இருமலையும் பக்கத்து மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல், அன்றே புற்றுநோய் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்கத் தயங்கியிருக்கலாம். சிறுநீரகப் புற்றுநோய் மருந்தை வைத்துத்தான் இந்தியா தன் முதல் கட்டாய உரிமத்தை வழங்கியது. மாதத்துக்கு ஏறத்தாழ 2,80,000 ரூபாய்க்கு பேயர் நிறுவனம் விற்ற சொராஃபெனிப்பை, 9,000 ரூபாய்க்கும் குறைவாகத் தயாரித்து விற்க ஹைதராபாதின் நாட்கோ நிறுவனத்துக்கு 2012 மார்ச்சில் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் அனுமதி தந்தார். மேல்முறையீடுகளிலும் அது நிலைத்தது. இன்று சொராஃபெனிப் முதல் தேர்வு அல்ல. ஆனால் சுனிடினிப், பசோபனிப் போன்றவற்றின் விலை குறைந்த இந்தியத் தயாரிப்புகள் கிடைக்கின்றன. இம்யூனோதெரபிதான் இன்னமும் எட்டாக்கனியாக இருக்கிறது. அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இந்த அறுவைகள் நடக்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் குடும்பம் இருந்தால், எந்த அறுவைக்கு எவ்வளவு அனுமதி என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் சேர்க்கைக்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

இப்போது தடுப்பு. பொதுமக்கள் எல்லோருக்கும் ஸ்கேன் எடுத்துத் தேடும் திட்டம் எந்த நாட்டிலும் வழக்கமாகப் பரிந்துரைக்கப்படவில்லை. நம் கையில் இருப்பவை மூன்று: புகை, உடல் எடை, ரத்தக்கொதிப்பு. புகைக்கும் ஆண்களுக்கு ஆபத்து ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. விட்டால் ஆண்டுகள் செல்லச் செல்ல அது குறைகிறது. உடல் நிறைக் குறியீடு ஐந்து புள்ளிகள் கூடும் ஒவ்வொரு முறையும் ஆண்களுக்கு 24 சதவீதமும் பெண்களுக்கு 34 சதவீதமும் ஆபத்து ஏறுவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்து 2008-ல் கணக்கிட்டார்கள். ரத்தக்கொதிப்பைப் பொறுத்தவரை, இருக்கிறதா என்பதே தெரியாமல் இருப்பதுதான் நம் ஊரில் பெரிய சிக்கல். உலோகங்களின் எண்ணெய்ப் பசையை நீக்கப் பயன்படும் டிரைகுளோரோஎத்திலின் என்ற கரைப்பானும் சிறுநீரகப் புற்றுநோயை உண்டாக்குவது உறுதியானது; பட்டறைகளில் அதைக் கையாள்பவர்களுக்குக் காற்றோட்டமும் கையுறையும் கட்டாயம். பல ஆண்டுகளாக டயாலிசிஸ் செய்துகொள்வோரின் சுருங்கிய சிறுநீரகங்களில் நீர்க்கட்டிகளும் அவற்றில் புற்றும் தோன்றுவதால், அவர்களைத் தனியாகக் கண்காணிக்க வேண்டும்.

நாட்டு மருந்து பற்றி மேலே சொல்லி வைத்த எச்சரிக்கை இதுதான். நம் வேலியோரங்களில் படரும் ஆடுதீண்டாப்பாளை, ஈசுரமூலி எனப்படும் பெருமருந்துக்கொடி ஆகிய இரண்டும் அரிஸ்டோலோக்கியா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. வயிற்றுப்பூச்சி மருந்தாகவும் விஷக்கடி மருந்தாகவும் இவை தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்டவை. இந்தப் பேரினத்திலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழிப்பதும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயை உண்டாக்குவதும் ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவப்பட்டுள்ளன. 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் எடை குறைப்பதற்காக இந்தக் குடும்பத்து மூலிகை கலந்த மாத்திரைகளை உண்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. பின்னர் அவர்களில் 39 பேரின் சிறுநீரகங்களையும் சிறுநீர்க் குழாய்களையும் அகற்றிப் பார்த்தபோது 18 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. டான்யூப் நதியின் கிளையாறுகளை ஒட்டிய பால்கன் கிராமங்களில், கோதுமையோடு கலந்த இச்செடியின் விதை தலைமுறைகளாகச் சிறுநீரக நோயைப் பரப்பியிருக்கிறது. ருமேனியாவில் தெளிசெல் வகைக் கட்டிகளிலும் இந்த அமிலம் மரபணுவில் விட்டுச்சென்ற தடயத்தைக் கண்டிருக்கிறார்கள். மரபு மருத்துவத்தின் மீது எனக்குப் பகை இல்லை. ஆனால் பெயரும் சேர்மானமும் சொல்லாமல் பொட்டலமாகத் தரும் எந்தச் சூரணத்தையும், அதுவும் அறுவைக்குப் பின் குறைந்த சிறுநீரகத் திறனோடு இருக்கப்போகும் ஒருவருக்கு, கொடுக்கவே கொடுக்காதீர்கள். மூட்டுவலிக்காகக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளுக்கும் இதே கண்டிப்பு பொருந்தும்.

பயப்பட வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் அறிக்கையில் 'எளிய நீர்க்கட்டி' என்று இருந்தால் அது புற்றாக மாறுவதில்லை. நடுத்தர வயதுக்கு மேல் மிகச் சாதாரணம். தடுப்புச்சுவரும் திடப்பகுதியும் உள்ள சிக்கலான நீர்க்கட்டிகளைத்தான் போஸ்னியாக் என்ற தரவரிசைப்படி கவனிக்க வேண்டும். சிறுநீரகக் கல் இருப்பதால் இந்தப் புற்றுநோய் வரும் என்று அஞ்ச வேண்டியதில்லை. தண்ணீர் நிறையக் குடிப்பது கல்லைத் தடுக்கும். இந்தப் புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. அளவாக மது அருந்துவோருக்கு இந்நோய் சற்றுக் குறைவு என்று சில ஆய்வுகளில் தெரிவதை யாராவது உங்களிடம் சொன்னால், அதே மது வேறு ஏழு உறுப்புகளில் புற்றை வளர்க்கிறது என்று பதில் சொல்லுங்கள். ஆனால் 40 வயதுக்கு மேல், வலியே இல்லாமல் சிறுநீரில் ஒருமுறை ரத்தம் போய் அது தானாக நின்றுவிட்டாலும், சூடு என்று இளநீர் குடித்துவிட்டு இருந்துவிடக் கூடாது; அல்ட்ராசவுண்ட் எடுத்தே ஆக வேண்டும். ரத்தம், விலாப்புற வலி, கைக்குத் தட்டுப்படும் கட்டி ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதைப் பாடநூல்கள் சொல்லும். பத்தில் ஒருவருக்குக்கூட அப்படி வருவதில்லை, வரும்போது நோய் முற்றியிருக்கும்.

பரம்பரையைப் பொறுத்தவரை, 46 வயதுக்குள் வந்த நோய், இரு பக்கமும் அல்லது பல கட்டிகள், குடும்பத்தில் வேறொருவருக்கும் இந்நோய், விழித்திரையிலோ மூளையிலோ கட்டி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் மரபணு ஆலோசனை பெற வேண்டும். வி.எச்.எல். பழுது பரம்பரையாக வரும் குடும்பங்களில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. உங்கள் தந்தையாருக்கு 58 வயது, ஒரே பக்கம், ஒரே கட்டி. குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை என்றால் நீங்களும் உங்கள் உடன்பிறந்தாரும் மரபணுப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. திசு அறிக்கை அரிய பரம்பரை வகை ஏதேனும் என்று வந்தால் மட்டும் இந்த முடிவை மறுபரிசீலனை செய்யலாம். அதுவரை ரத்தக்கொதிப்பை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்வதும், யாரேனும் புகைத்தால் அதை நிறுத்துவதும் போதும்.